கண் கிளினிக்கில் ஆள் ஏன் நிற்பதில்லை? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று இந்தப் பக்கத்துத் தனியார் கண் மருத்துவமனைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் டிப்ளமோ முடித்து பவர் பார்க்கிறவனாக இருந்தேன், இப்போது நிர்வாகம். போன் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சில கேள்விகள் முதலாளிகள் கேட்டவை, சில வேலை பார்க்கிறவர்கள் கேட்டவை. எது யார் கேட்டது என்பது படிக்கும்போதே தெரியும்.

சம்பளம் கூட்டிக் கொடுத்தும் ஆள் நிற்கவில்லை. வேறென்னதான் வேண்டுமாம்?

இதைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சம்பளம் எத்தனாம் தேதி போடுகிறீர்கள்? பாதிப் பேர் அங்கேயே இழுப்பார்கள். "வசூலைப் பார்த்து, பத்து தேதிக்குள்ள..." என்பார்கள். ஐந்தாம் தேதி குழுக்கடன் தவணை கட்ட வேண்டிய பெண்ணுக்கு, ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் பன்னிரண்டாம் தேதி வருவதைவிடப் பேசிய சம்பளம் ஒன்றாம் தேதி வருவது மேல்.

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் ஒரு கணக்குச் சொன்னார். சம்பளம், வேலை நேரம், மேலே இருப்பவர் நடத்தும் விதம் இவை சரியில்லை என்றால் ஆள் வெறுத்துப் போவான். சரியாக இருந்தால் வெறுப்பு இருக்காது, அவ்வளவுதான். வேலை பிடித்துப் போவதற்கு வேறு காரணங்கள் வேண்டும்: செய்த வேலையை நாலு பேர் கவனிப்பது, பொறுப்பு கையில் வருவது, மேலே போக வழி இருப்பது. அவர் விசாரித்தது பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியாளர்களையும் கணக்கர்களையும். ஆனாலும் நம் ஊர் ஓ.பி.யில் ஒரு மாதம் நின்று பார்த்தால் பெரும்பாலும் பொருந்துகிறது.

அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வருடம் படித்த பிள்ளைக்கு ஜவுளிக்கடைச் சம்பளம் கொடுத்துவிட்டு ஹெர்ஸ்பெர்க்கைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

அப்புறம் எதற்காகத்தான் போகிறார்கள்?

டெல்டாவில் நான் பார்த்தவரை முதல் காரணம் கடைசி பஸ். சிரிக்காதீர்கள்.

இங்கே பல கிளினிக்குகள் சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். டாக்டர் பகலில் அரசு மருத்துவமனையில் இருப்பார், அல்லது திருச்சியிலிருந்து வர வேண்டியவராக இருப்பார். போர்டில் ஐந்து மணி என்று எழுதியிருக்கும். கார் வந்து நிற்க ஆறேகால் ஆகும். கவுண்டரில் இருப்பவர்களும் பவர் பார்க்கிறவர்களும் காலை ஒன்பதரையிலிருந்து அங்கேயே இருப்பார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் "டாக்டர் எப்ப வருவாரு பாப்பா?" என்று கேட்பதற்கும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வலங்கைமான் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். எட்டு இருபதுக்கு வண்டி. எட்டு மணியிலிருந்து கண் சுவர்க் கடிகாரத்துக்கும் வாசலுக்கும் போய்ப் போய் வரும். எட்டு பத்துக்கு, பவர் பார்க்க மாட்டிவிடும் ட்ரையல் பிரேமில் லென்ஸ் மாற்றுகிற கை வேகம் பிடிக்கும். "இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?" என்று கேட்பதில், நோயாளி யோசிப்பதற்குள் இரண்டு லென்ஸுமே பெட்டிக்குத் திரும்பியிருக்கும். அப்படி ஒரு ராத்திரி எழுதிய சீட்டில் சிலிண்டர் பவர் உட்கார வேண்டிய கோணம், அதாவது அச்சு, 90 என்பதற்குப் பதில் 180 என்று விழுந்து, ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி தலைவலியோடு திரும்பி வந்தது. டாக்டர் கவனக்குறைவு என்றார். நான் பஸ் என்றேன்.

வண்டியைத் தவறவிட்டால் அண்ணன் பைக்கில் வர வேண்டும். அவன் வழியெல்லாம் முணுமுணுப்பான், வீட்டில் அம்மா வாசலிலேயே நிற்பாள். வேலையை விடுவது என்ற முடிவு கிளினிக்கில் எடுக்கப்படுவதில்லை, அந்தப் பைக்கின் பின்சீட்டில் எடுக்கப்படுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் சம்பளத்தில் கையில் நிற்பது கூடியது, உண்மைதான். ஆனால் ராத்திரியில் கிராமத்துக்குள் போகிற அந்த வண்டிகள் அத்தி பூத்தாற்போலத்தான்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் ஐந்து வரை, டவுனிலேயே இருப்பவர்களுக்குப் பன்னிரண்டரை முதல் எட்டரை வரை என்று ஷிஃப்டைப் பிரித்தோம். புது நோயாளிக்கு டோக்கன் ஏழே முக்காலோடு சரி. அதையும் தாண்டி ஒருவரை நிறுத்தினால் ஆட்டோ காசு கிளினிக்கினுடையது. அந்தச் செலவைத் தனி நோட்டில் எழுதி மாதக் கடைசியில் டாக்டர் மேஜையில் வைக்க ஆரம்பித்த பிறகு அவருடைய கார் ஐந்தரைக்கே வரத் தொடங்கியது.

பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு) முடித்தவர் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுகிறார். டிப்ளமோ ஆளே போதுமா?

1985-இல் சென்னையில் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி தொடங்கியதிலிருந்து இந்த நான்கு வருடப் பட்டப்படிப்பு தமிழ்நாட்டில் இருக்கிறது. மாறுகண், கான்டாக்ட் லென்ஸ், பார்வை குறைந்தவர்களுக்கான உருப்பெருக்கிகள், க்ளௌகோமா பரிசோதனை எல்லாம் படித்துவிட்டு, கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப்பும் முடித்து வருகிறார்கள். வந்த இடத்தில் மெஷின் துப்புகிற சீட்டைப் பார்த்துப் பவரை எழுதச் சொல்கிறோம். ஆறு மாதம் இருந்ததே பெரிய விஷயம்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த இடம் என்பது வேண்டாம். பதினாலு வயதுப் பையன். எப்போது பார்த்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பான் என்றாள் அம்மா. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடி மாற்றியும் தெளிவில்லை. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் பார்க்கும் ரெடினோஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தால், கண்ணுக்குள் ஒரே கீற்றாக ஓட வேண்டிய வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து கத்தரிக்கோல் மாதிரி திறந்து திறந்து மூடுகிறது. கருவிழி கூம்பாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சீட்டின் ஓரத்தில் எழுதி, வாயாலும் சொன்னேன். "அதெல்லாம் நீ சொல்ல வேண்டாம், பவரை மட்டும் எழுது" என்று பையனின் அம்மா எதிரிலேயே பதில் வந்தது. அடுத்த மாதம் நான் அங்கே இல்லை.

பத்து வருடம் கழித்து இதேபோல ஒரு பையனை எங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் கண்டுபிடித்தாள். டாக்டர் திருச்சிக்கு அனுப்பிக் கருவிழி வரைபடம் எடுக்க வைத்தார். அது வந்ததும் பையனின் அப்பாவிடம், "இந்தப் பொண்ணு பார்க்கலைன்னா இன்னும் ரெண்டு வருஷம் கண்ணாடிதான் மாத்திக்கிட்டு இருந்திருப்பீங்க" என்றார். அந்தப் பெண்ணுக்கு அந்த வருடமே பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து மாதம் நாலாயிரம் கூடுதலாகக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

கேஸ் ஷீட்டில் "பரிசோதித்தவர்" என்று ஒரு கட்டம் போட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். சரபோஜி மன்னர் காலத்தில் தஞ்சாவூரில் கண் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் குறிப்புகள், வண்ணத்தில் வரைந்த கண் படங்களோடு சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முன்பே நோயாளியைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதி வைத்த ஊரில், நம் சீட்டில் யார் பவர் பார்த்தார் என்பதற்கு ஒரு கையெழுத்துகூட இருப்பதில்லை.

டிப்ளமோ ஆள் போதுமா என்றால், வேலையைப் பொறுத்தது. வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கும் சாதாரணப் பவருக்கும் அனுபவமுள்ள டிப்ளமோக்காரர் தாராளமாகப் போதும். ஆனால் பட்டம் படித்தவரை எடுத்தால் வாரத்தில் இரண்டு அரை நாளாவது அவருக்கென்று விடுங்கள். செவ்வாய் காலை கான்டாக்ட் லென்ஸ், சனிக்கிழமை குழந்தைகள் என்று போர்டில் அவர் பெயரைப் போடுங்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பதிவும் தகுதியும் கேட்பார்கள். அன்றைக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

கண்ணாடி விற்பனைக்கு டார்கெட் வைக்கலாமா?

கவுண்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பார்க்கிறவருக்கு வைக்காதீர்கள்.

கால் பவர் (0.25) உள்ள ஒருவருக்குக் கண்ணாடி எழுதுவதா வேண்டாமா என்பது பவர் பார்க்கிறவரின் மனச்சாட்சிக்கு விட்ட விஷயம். மாதக் கடைசி, இன்னும் பதினெட்டுக் கண்ணாடி பாக்கி என்றால் அந்தக் கால் பவர் எழுதப்பட்டுவிடும். எழுதியவருக்கு அது தெரியும். வயல் வேலைக்குப் போகிற அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு நூறாக எண்ணி வைப்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு வருடம் போனால், நல்ல பிள்ளையாக இருந்தால் வேலையை விடும். விடாமல் பழகிவிட்டால் அது இன்னும் மோசம்.

இன்சென்டிவ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வேறு கணக்கு இருக்கிறது. ஒரு மாதத்தில் எழுதிய கண்ணாடிகளில் எத்தனை திரும்பி வந்தன என்று எண்ணுங்கள். திரும்பி வருவது குறைந்தால் மொத்தக் குழுவுக்கும் ஒரு தொகை. லென்ஸ் வீணாவதும் குறையும்.

பெண்களை எடுத்தால் கல்யாணமாகிப் போய்விடுகிறார்களே?

போகிறார்கள். ஆண்கள் துபாய்க்குப் போகிறார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து இருக்கும்போது, பெண்களை மட்டும் சொல்வது நியாயமில்லை.

கல்யாணம் தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில்தான் நடக்கிறது என்றால் வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. குழந்தை பிறந்த பிறகு முழு நாள் வர முடியாது என்பதுதான் சிக்கல். காலை பத்து முதல் இரண்டு வரை என்று ஒரு பாதி நாள் வேலை இருந்தால் திரும்பி வருவார்கள். கண்ணின் நீளம் அளக்கும் ஏ-ஸ்கேன் எடுப்பது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துப் பேசுவது, இன்ஷூரன்ஸ் காகிதம் பார்ப்பது எல்லாம் அந்த நேரத்து வேலைதானே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு சட்டப்படி உண்டு. "அந்த மாதிரி லீவெல்லாம் நம்ம இடத்துல இல்லம்மா" என்று யாராவது சொன்னால், அது அவர் விருப்பத்தில் இருக்கும் விஷயமில்லை.

அரவிந்த் மாதிரி கிராமத்துப் பெண்களை எடுத்து நாமே பயிற்சி கொடுத்தால் என்ன?

நல்ல யோசனைதான், ஆனால் அளவு தெரிந்து செய்ய வேண்டும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது அரவிந்த் கண் மருத்துவமனை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒருவர் பவர் பார்ப்பது, ஒருவர் தியேட்டரில் உதவுவது, ஒருவர் கவுன்சலிங் என்று பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு பெண் கல்யாணமாகிப் போனால் அடுத்த பேட்ச் தயாராக இருக்கும். நம் கிளினிக்கில் மொத்தமே எட்டுப் பேர். ஒருவர் போனால் எட்டில் ஒரு பங்கு போயிற்று.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பேட்ச் முறையை அல்ல. யாருக்கு எந்த வேலை, அதை யார் எப்போது கற்றுக்கொடுப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான். நம் இடங்களில் பயிற்சி என்றால், "அக்கா செய்யுறதைப் பார்த்துக்கோ."

மூன்று வருட பாண்டு எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் வைத்துக்கொள்ளலாமா?

சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். அது நகையில்லை, அடகு பிடிப்பதற்கு. வேலை பார்க்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள்.

பாண்டு விஷயம் அவ்வளவு நேர் அல்ல. வேலையை விட்ட பிறகு "இந்த ஊரில் வேறு எந்தக் கண் ஆஸ்பத்திரியிலும் சேரக் கூடாது" என்று எழுதி வாங்குவது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் விட்டால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பது வேறு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் மூன்று வருடத்துக்குள் போனால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அனைத்திந்திய அளவில் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வங்கி. ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிய கிளினிக் அந்தத் தீர்ப்பைத் தனக்கும் பொருத்திக்கொள்வது கஷ்டம்.

சட்டம் கிடக்கட்டும். பாண்டுக்காக உட்கார்ந்திருப்பவர் ரெடினோஸ்கோப் பிடிக்கும் லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடை இதெல்லாம் எங்களுக்கு உண்டா?

ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். 20 பேர் என்றால் பி.எஃப். கட்டாயம். 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ.; மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, பணியாளர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பத்துப் பேர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் பணிக்கொடையும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். 13,000 ரூபாயில் எட்டு வருடம் இருந்தவருக்கு 60,000 வரும்.

கண் மருத்துவமனையில் ஒன்பது பேர், ஆப்டிகல் வேறு பெயரில் ஏழு பேர், மருந்துக் கடை மாமியார் பெயரில் நாலு பேர் என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு அது தெரியும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆப்டிகலில் நாள் முழுக்க நிற்கச் சொல்கிறார்கள். உட்காரக் கேட்கலாமா?

கேட்கலாம். கடைகள், நிறுவனங்களில் பணியாளர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒரு ஸ்டூல் என்ன விலை?

அறுவடை மாதத்தில் லீவு கேட்கிறார்கள். அப்போதுதான் கூட்டமும் அதிகம். என்ன செய்வது?

டெல்டாவுக்கே உரிய தலைவலி இது. தை, மாசியில் சம்பா அறுப்பு. நெல் சுணையும் தூசியும் கண்ணில் பட்டு, இரண்டு நாள் தாய்ப்பால் விட்டு, மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி, கருவிழியில் பூஞ்சைப் புண்ணோடு எட்டாம் நாள் வருவார்கள். ஸ்டீராய்டு பூஞ்சையை இன்னும் வளர்த்துவிட்டிருக்கும். கருவிழியைச் சுரண்டி ஸ்லைடு போட வேண்டும், மணிக்கு ஒரு தடவை பூஞ்சைக்கான நட்டாமைசின் சொட்டு விடச் சொல்லித்தர வேண்டும். அதே வாரத்தில், நம் ஸ்டாஃபின் வீட்டிலும் அறுப்பு மெஷின் வயலில் இறங்கியிருக்கும்.

லீவை மறுத்தால் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் மார்கழியிலேயே கூட்டிப் பேசிவிடுகிறோம்: யார் வீட்டில் எப்போது அறுப்பு, யாருக்கு நிலமே இல்லை, யார் யாரை மாற்றிவிடலாம். அஷ்டமி, நவமியில் ஆபரேஷனுக்கு நோயாளிகள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தியேட்டர் ஆட்களுக்கு அந்த நாளில் ஓய்வைத் தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வேனில் வேதாரண்யம் வரை போய் ராத்திரி திரும்புகிறவர்களுக்குத் திங்கள்கிழமை லீவு. இதை மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஸ்டாஃப் இருக்கட்டும், டாக்டர்களே நிற்பதில்லையே?

எம்.எஸ்., டி.என்.பி. என்று மேற்படிப்பு முடித்து வருகிற இளம் டாக்டர் கையில் கத்தி பிடிக்க வருகிறார். முகாம் நோயாளிகள் மட்டும் அவருக்கு, பணம் கட்டுகிற பேகோ (சிறு துளைக் கண்புரை ஆபரேஷன்) கேஸ் எல்லாம் பெரியவருக்கு என்றால் எண்ணி ஒன்றரை வருடம். மாதத்துக்கு இத்தனை பேகோ, லேசர் யார் செய்வது, ஃபெலோஷிப்புக்கு எத்தனை மாதம் விடுவோம் என்று சேரும்போதே எழுதிக்கொள்ளுங்கள். மனைவிக்கு வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று அவர் திருச்சிக்கோ சென்னைக்கோ போனால் அதை உங்களால் தடுக்க முடியாது. வாரம் இரண்டு நாள் வந்து போக ஏற்பாடு செய்துகொள்ளலாம். மகன் படித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்வான் என்பது ஊருக்கே தெரிந்திருந்தால், அந்த இடத்தில் வேறு டாக்டர் வேர்விட மாட்டார். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

வேலையை விடுகிறவரிடம் காரணம் கேட்டால் "வீட்ல வேணாம்ங்கிறாங்க" என்கிறார்கள். உண்மையான காரணத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

போகிறவர் சொல்ல மாட்டார். அனுபவச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறது, கடைசி மாதச் சம்பளமும் உங்கள் கையில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, வேறொருவர் மூலமாக, கோயிலிலோ கல்யாணத்திலோ பார்க்கும்போது பேச்சுக் கொடுத்தால் சொல்வார்.

அதைவிட இருப்பவர்களைக் கேட்பது எளிது. "போன மாசத்துல எந்த நாள் வேலையை விட்டுடலாம்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். தோன்றவே இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தேதியோடு சொல்வார்கள்.

போனவர் திரும்பி வரக் கேட்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லென்ஸ் ஃபிட்டிங் பையன் மஸ்கட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்குச் சர்க்கரையில் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று திரும்பி வந்தான். இங்கே இருந்தபோது செய்யத் தெரியாத ரிம்லெஸ் வேலையெல்லாம் கையில் இருந்தது. "பழைய சம்பளமே போதும் சார்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. டாக்டர் சரி என்று சொல்ல வாயெடுத்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.